“வேற மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர்”

முகப்பேரில் மருந்து வாங்க ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை. கிழக்கு, மேற்கு, ஜெ.ஜெ. நகர், நொளம்பூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நடக்கிற தூரத்தில் ஒரு மெடிக்கல்ஸ் இருக்கும். கொஞ்சம் தள்ளி நாட்டு மருந்துக் கடை. மாடியில் ஜிம் இருந்தால் கீழே புரோட்டீன் டப்பாக்கள் அடுக்கிய கடை. அதற்கும் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர்; கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் வெளுக்கும் கிரீம்கள். சத்து மாத்திரை, சூரணம், பவுடர், கிரீம் என்று பிரிந்து கிடக்கும் இந்தச் சரக்குகளுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. எதற்கும் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள்.

மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையும் இதே முகப்பேரில்தான் இருக்கிறது. இதய சிகிச்சைக்குப் பேர் போன இடம் என்றாலும் அதன் சிறுநீரகப் பிரிவும் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய ஜார்ஜி ஆபிரகாம் 1993-இல் நிறுவிய டேங்கர் அறக்கட்டளை, வசதியில்லாதவர்களுக்கு டயாலிசிஸ் உதவி செய்துவருகிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஒரு நாற்காலியில் கழிவது என்ன வாழ்க்கை என்பதை அங்கே வருகிறவர்களின் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடையில் சத்துப் பொடி வாங்குகிற எல்லாரும் அந்த நாற்காலிக்குப் போவதில்லை. மிகச் சிலரே போகிறார்கள். நம் ஊரில் சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பங்கு காரணம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அந்தச் சிலரின் கதையில் ஒரு விசேஷம் இருக்கிறது. காரணம் தெரிந்து நிறுத்தினால், அவர்களில் பலருடைய சிறுநீரகம் திரும்பி வந்துவிடும். சர்க்கரை நோய் அரித்த சிறுநீரகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே காரணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்டுபிடிக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு உரையாடல்.

“வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?”

“வேற மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர். பிரஷர் மாத்திரை மட்டும்தான்.”

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரோடு போட்டுக்கொள்ளும் சூரணம் அவர் கணக்கில் காபி, டிபன் வரிசையில் வருகிறது. மூட்டு வலிக்கு நாத்தனார் ஊரிலிருந்து வாங்கி வந்த குளிகை உறவுக் கணக்கில் வருகிறது. மகன் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த எலும்புச் சத்து மாத்திரை பாசக் கணக்கு. டாக்டர் எழுதிக் கொடுக்காத எதுவும் மருந்தாக நினைவுக்கு வருவதே இல்லை. கேட்கிற டாக்டருக்கும் வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள்.

இனி சிறுநீரகத்தின் பக்கம் போவோம். உடம்பில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, இந்தப் பொடிகளின் விளைவு இங்கே வந்து விடிவது ஏன்?

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தால் முந்நூறு கிராம் சொச்சம் எடை இருக்கும். ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிரிழை ரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று, அதற்குக் குளோமெருலஸ் என்று பெயர். அங்கே ஒரு நாளில் 180 லிட்டர் திரவம் பிரிந்து வருகிறது. நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர். மீதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது முடிச்சுக்கு அடுத்து வரும் நுண்குழாய். சிறுநீரகம் வடிகட்டுகிறது என்று பள்ளியில் படித்தது பாதிதான். அதன் பெரிய உழைப்பு திரும்ப இழுப்பதில் இருக்கிறது. தண்ணீர் இழுக்கப்பட இழுக்கப்பட, மிச்சமிருக்கும் பொருள் குழாய்க்குள் அடர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் பொருட்படுத்த வேண்டாத அளவில் இருந்த ஒரு நஞ்சு, நுண்குழாயின் செல்களுக்குப் பல மடங்கு செறிவில் வந்து சேரும். போதாததற்கு, சில நஞ்சுகளை அந்தச் செல்களே தம் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கழிவை வெளியேற்றுவதற்காக வைத்திருக்கும் கதவுகள்தான் அவை.

இன்னொரு தொல்லை, சிறுநீரகம் வலிக்காது. பாதி வேலை நின்றுபோன பிறகும் ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின் என்ற கழிவின் அளவை ஏறக்குறைய சரியாகவே காட்டும். “டெஸ்ட் எல்லாம் நார்மல்” என்று திரும்பி வருபவர் பொடியைத் தொடர்வார்.

இப்போது சென்னையிலேயே நடந்த கண்டுபிடிப்பு ஒன்று.

சிறுநீரில் நுரை. காலையில் எழும்போது கண்ணிமை வீக்கம். சாயங்காலம் செருப்பு இறுக்கும் அளவுக்குக் கால் வீக்கம். இப்படி வருகிறவருக்கு ஒரு நாள் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் போய்க்கொண்டிருக்கும். சாதாரணமாக 150 மில்லிகிராம்கூட போகக் கூடாது. ஊசியால் சிறுநீரகத் திசுவை நூல் அளவு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குளோமெருலஸின் சுவரில் எதிர்ப்புப் புரதங்கள் படிந்து சுவர் தடித்திருந்தால் அதற்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்று பெயர். உடம்பின் காவல் படை தன் சொந்தப் புரதம் ஒன்றையே எதிரியாக எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. எந்தப் புரதம் என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழு முதல் புரதத்தைக் கண்டது: பி.எல்.ஏ.2.ஆர். இந்த நோய் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் இலக்கு. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வேறு புரதங்கள் தெரியவந்தன. 2020-இல் வந்தது நெல்-1.

நெல்-1 வந்ததும் மேற்கு நாட்டு மருத்துவர்கள் பரபரப்பானார்கள். திசுவில் நெல்-1 தெரிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் புற்றுநோய் இருந்ததாக 2021-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நெல்-1 தென்பட்டால் உடம்பு முழுக்கப் புற்றைத் தேடு என்பது விதியாயிற்று.

சென்னையில் சிறுநீரகத் திசுக்களை மட்டும் ஆராய்வதற்கென்றே இயங்கும் ரெனோபாத் ஆய்வகத்தில் அனிலா ஆபிரகாம் குரியனும் அவர் குழுவினரும் தங்களுக்கு வரும் திசுக்களிலும் நெல்-1-ஐத் தேடினார்கள். கிடைத்தது. ஆனால் அந்த நோயாளிகள் பலரிடம் புற்று இல்லை. விசாரித்துப் போனபோது வேறொன்று தட்டுப்பட்டது: பலர் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2022-இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் அமெரிக்கக் கூட்டாளிகளோடு அவர்கள் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது: நெல்-1 கண்டால், புற்றோடு சேர்த்து மரபு மருந்தையும் விசாரியுங்கள். சந்தேகத்துக்குரிய சரக்கு, பாதரசம். மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் போவது குறைந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் விழும் ஒரு சாயம், நோயாளி சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறது என்பதுதான். அறிக்கையில் ‘நெல்-1 பாசிட்டிவ்’ என்று வந்தால் டாக்டர் மறுபடியும் உட்கார வைத்துக் கேட்கிறார். இந்த முறை மருந்து என்று கேட்பதில்லை. “மூட்டு வலிக்கு, மூலத்துக்கு, தோலுக்கு, குழந்தைக்காக, ஆண்மைக்கு, உடம்பு தேற, எதுக்காவது பொடி, லேகியம், உருண்டை?” அப்போது பையிலிருந்து பொட்டலம் வெளியே வருகிறது.

பாதரசத்துக்கு இங்கே என்ன வேலை? வேதியியலில் பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத மோகம். இயற்கையில் அது பெரும்பாலும் கந்தகத்தோடு கூடித்தான் கிடைக்கிறது. சாதிலிங்கம் என்று நம் கடைகளில் விற்கும் சிவப்புக் கல் அதுவே. நம் உடம்பின் புரதங்களிலும் கந்தகம் தாங்கிய இடங்கள் நிறைய உண்டு. உள்ளே போன பாதரசம் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பில் அது அதிகமாகச் சேரும் இடம் சிறுநீரகம். ஒட்டிய இடத்தில் புரதத்தின் உருவம் மாறி, காவல் படை அதை அயலான் என்று எண்ணிவிடுகிறது என்பது இப்போதைய ஊகம்.

இந்த ஊகத்துக்கு வலு சேர்ப்பது எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் என்ற சத்து மாத்திரை. சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமினோடு சேர்த்து நம் ஊரில் தாராளமாகக் கொடுக்கப்படும் ‘நரம்பு மாத்திரை’களில் பலவற்றில் இருப்பது அதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லிப்போயிக் அமிலம் சாப்பிட்டவர்கள் சிலருக்கு இதே நெல்-1 நோய் வந்தது, நிறுத்தியதும் அடங்கியது. ஜப்பானில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் புசில்லமின் என்ற மருந்திலும் இதே கதை. இரண்டு மூலக்கூறுகளிலும் கந்தகம் இருக்கிறது. ஒன்று நாட்டு மருந்து, ஒன்று விட்டமின் அலமாரிச் சரக்கு, ஒன்று அலோபதி. மூன்றும் சிறுநீரகத்தில் ஒரே புரதத்தின் வாசலில் போய் நிற்கின்றன. இயற்கை, செயற்கை என்று நாம் போடும் கோடு அங்கே செல்லாது.

சித்த மருத்துவத்தை இதற்காகத் தூக்கில் போட வேண்டியதில்லை. ரசம், லிங்கம், பூரம், வீரம், தாளகம் என்று அந்த மரபு இவற்றை நன்றாகவே அறியும். நஞ்சு என்று தெரிந்தேதான் சுத்தி முறைகளை வகுத்தது. அரிசி எடை, உளுந்து எடை என்று அளவு சொன்னது. எதில் குழைத்துக் கொடுப்பது, எத்தனை நாளில் நிறுத்துவது, எந்தப் பத்தியம் என்றும் சொன்னது. அந்த முறைகள் எல்லாமே நச்சை முழுதும் நீக்குகின்றனவா என்பது ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டிய பதில், பக்தியால் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாள் கொடுக்க வேண்டிய செந்தூரத்தைப் பத்து மாதம் சாப்பிடச் சொன்னது எந்தச் சித்தரும் இல்லை. வைத்தியர் இல்லாமல் மருந்து மட்டும் கடைக்கு வந்துவிட்டதில் வந்த வினை அது.

சட்டத்துக்கும் இது தெரியும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் சித்த, ஆயுர்வேத, யுனானி நச்சுப் பொருட்களுக்கென்றே இ(1) என்ற பட்டியல் இருக்கிறது. பாதரசச் சேர்மங்கள் அதில் உண்டு. அவை கலந்த மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருந்தை வாங்கும் முகப்பேர்ப் பாட்டிக்கு அது எவ்வளவு உதவும் என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எச்சரிக்கை இல்லாத சரக்கும் ஏராளம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சேப்பர், பாஸ்டன் வட்டாரத்தில் தெற்காசியர் நடத்தும் மளிகைக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இணையத்தில் வாங்கிய 193 பொருட்களை வைத்து 2008-இல் மறுபடி பார்த்தார். அப்போதும் அதே ஐந்தில் ஒன்று.

பாதரசம் வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. கேரளத்தில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் என்ற இரு சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த மெம்பரனஸ் நெஃப்ரோபதி நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நெல்-1. அவர்களில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்க அந்தக் கிரீம்களில் பாதரசம் சேர்க்கிறார்கள். அது தோல் வழியே இறங்கிவிடுகிறது. இது புதுச் செய்தியும் இல்லை. 1972-லேயே நைரோபியிலிருந்து இப்படி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்த 60 ஆப்பிரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, கடல் தாண்டி, அதே கிரீம், அதே நோய். கறுப்பு நிறத்தின்மேல் நமக்குள்ள வெறுப்பின் விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது என்று எழுதினால் அறிவியல் நூலில் பிரசங்கம் எதற்கு என்பீர்கள். எழுதத்தான் தோன்றுகிறது.

பாதரசக் கதையில் நிறுத்தினால் திரும்பி வரலாம். திரும்ப வழியில்லாத கதை பிரஸ்ஸல்ஸில் நடந்தது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகரில் இளம் பெண்கள் சிலர், சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. எல்லாரும் உடல் இளைக்க ஒரே சிகிச்சையகத்துக்குப் போனவர்கள். அங்கே 1990-இல் மாத்திரையில் சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரின் குழு 1993-இல் ஒன்பது பெண்களைப் பற்றி ‘லான்செட்’டில் எழுதியது, பின்னர் எண்ணிக்கை நூறைத் தொட்டது. ஸ்டெஃபானியா என்ற மூலிகை போக வேண்டிய இடத்தில், சீனப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் அரிஸ்டோலோக்கியா போயிருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைத்தான் நுண்குழாய்ச் செல்கள் கதவு திறந்து உள்ளே இழுத்துக்கொண்டன. உள்ளே போனது டி.என்.ஏ.வோடு ஒட்டியது, ‘ஏ’ என்ற எழுத்து இருந்த இடங்களில் ‘டி’ என்று மாற்றி எழுதியது. இந்தக் கையெழுத்தை வைத்தே இன்று புற்றுக் கட்டிகளில் அந்த மூலிகையை அடையாளம் காண்கிறார்கள். சிறுநீரகம் போனவர்களில் 39 பேர், முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றச் சம்மதித்தார்கள். 18 பேரின் திசுவில் புற்று ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 2000-இல் இது வெளிவந்தது.

நமக்கென்ன, சீன மூலிகைதானே என்று இருக்க முடியாது. ஆடுதின்னாப்பாளை அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். பாம்புக்கடிக்கு என்று பேர் வாங்கிய ஈசுவரமூலியும் அதே குடும்பம். இரண்டிலும் அதே அமிலம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை, புகையிலை இருக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆடு தொடாத செடி என்று பேர் வைத்தவர்களின் கூர்மையைப் பாராட்டலாம். பொடியாக்கிப் பாக்கெட்டில் போட்டால் பேரும் போய்விடுகிறது, செடியின் முகமும் போய்விடுகிறது.

மெடிக்கல்ஸ் அலமாரிக்கு வருவோம். விட்டமின் டி. வெயில் கொளுத்தும் சென்னையில் பாதிப் பேருக்கு மேல் பற்றாக்குறை என்று பரிசோதனைச் சீட்டு சொல்லும். 60,000 யூனிட் மாத்திரையோ சாஷேவோ வாரத்துக்கு ஒன்று என எட்டு வாரம் எழுதுவார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட் அளவுதான். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் தேவையைப் போல நூறு மடங்கு உள்ளே போகும். ‘உடம்புக்கு நல்லதுதானே’ என்று எட்டு வாரத்தை எட்டு மாதமாக்குகிறவர்களும் உண்டு. விட்டமின் சி அதிகமானால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். டி போகாது, கொழுப்பில் தங்கிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், அடங்காத தாகம். சிறுநீரகத்தின் ரத்தக் குழாய் சுருங்கும், நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறையும், கால்சியம் திசுவில் படியும். மாத்திரையை நிறுத்தினாலும் தேங்கியது வடிய மாதக்கணக்காகும்.

‘போய்விடும்’ என்று சொன்ன விட்டமின் சி-யும் முழு அப்பாவி இல்லை. அதில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது. ஆக்சலேட்டும் கால்சியமும் சேர்ந்தால் ஊசி ஊசியாய்ப் படிகம். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பி, ஆக்சலேட் நிறைந்த இரும்பன்புளிச் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை, ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2013-இல் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன் குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. டம்ளர் டம்ளராய்ச் சாறு பிழிந்தபோது அதே காய் வேறு பொருளாகிவிட்டது. மஞ்சள் விஷயமும் இப்படியே. சாம்பாரில் போடும் சிட்டிகையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். கேப்சூல் கேப்சூலாக விழுங்கியவர்களிடம் ஆக்சலேட் படிந்த சிறுநீரகங்களை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஜிம் பையன்களைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் இங்கே பயம் ஆபத்தைவிடப் பெரிது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை அளவான புரோட்டீன் பவுடர் கெடுத்ததற்கு நல்ல சான்று இல்லை. கிரியேட்டின் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். ஏனென்றால் கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகத்தில் கோளாறே இல்லாமல் ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். அப்போதும் டாக்டரிடம் டப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் கிரியேட்டினினைச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை ஒன்றோடு விஷயம் முடிந்திருக்கும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்குப் புரத அளவு வேறு கணக்கு. பலருக்குத் தம் சிறுநீரகம் பழுதென்றே தெரியாது என்பதுதான் சிக்கல். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தனிக் கேள்வி. கொச்சியில் பணியாற்றும் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையின் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் இருந்தது.

பூஞ்சை என்றதும் ஜப்பான். 2024 மார்ச் 22 அன்று கோபயாஷி மருந்து நிறுவனம் தன் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கொழுப்பைக் குறைக்கும் இயற்கைப் பொருள் என்று விற்றது. (அந்த அரிசியில் கொழுப்பைக் குறைக்கும் சரக்கு, லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையில் இருக்கும் அதே மூலக்கூறு.) சாப்பிட்டவர்களில் பலருக்குச் சிறுநீரக நுண்குழாய்கள் வேலையை விட்டுவிட்டன, திரும்ப இழுக்க வேண்டிய சர்க்கரை, பாஸ்பேட் எல்லாம் சிறுநீரில் ஒழுகின. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒசாகா தொழிற்சாலையில் நீலப் பூஞ்சை ஒன்று புகுந்து பியூபெருலிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது என்று அரசு கண்டுபிடித்தது. சிவப்பு அரிசி குற்றவாளியே இல்லை. அதனோடு வளர்ந்த விருந்தாளிதான். மருத்துவர்கள் ஜனவரியிலேயே நிறுவனத்திடம் சொல்லியும் அறிவிப்பு வர மார்ச் ஆனது என்று அங்கே பெரிய ரகளை.

இரண்டு மாதத் தாமதத்துக்கு ரகளை செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்த மாதம் தயாரித்த எந்தத் தொகுதி என்று டப்பாவில் எண் இருந்தது. நம் ஊரிலும் சட்டப்படி சத்துப் பொருள் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும், தொகுதி எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண். பக்க விளைவு வந்தால், 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திடம் நோயாளியே புகார் செய்யலாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. அழைத்தால் பொருளின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், எப்போது தொடங்கினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். செய்தித்தாளில் மடித்துக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைச் சாப்பிட்டவரால் இவற்றில் கடைசி இரண்டுக்கு மட்டும் பதில் சொல்ல முடியும். மீதிப் பொடி கொஞ்சம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆய்வுக்கூடத்தில் பாதரசம் பார்த்துவிடலாம்.